இரண்டாவது துணி

கண்ணுகளே, போன வாரம் ஜத்மிக்கோவை மதில்மேல் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறான். முதலில் அவனை இறக்கிவிடுகிறேன்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முவாரசாரி என்கிற கடலோர ஊருக்குச் சாமான்யமான ஒரு கால்பந்து அணி உண்டு. பச்சைச் சட்டை, நெஞ்சில் வெள்ளைக் கொக்கு. ஊர் அதைக் கொக்குப் படை என்று கூப்பிடும். அந்த அணியை இந்த வருஷம் விலைக்கு வாங்கியவர் சஸ்மித்தோ. மூன்று தொலைக்காட்சிகளுக்குச் சொந்தக்காரர். வரப்போகிற தேர்தலில் மாகாண ஆளுநர் நாற்காலிமேல் கண் வைத்திருப்பவர். அவர் மனைவி பலுப்பி இந்த ஊர்ப் பெண். பலுப்பியின் தம்பிதான் ஜத்மிக்கோ, அணியின் மேலாளர். ஊர் மரியாதையாகப் "பாக்" ஜத்மிக்கோ என்று கூப்பிடும், ஐயா என்று அர்த்தம். "அணி இந்த ஊரை விட்டு நகராது, நான் பொறுப்பு" என்று அவன் சொன்ன பிறகுதான் ஊர் அணியை விற்கச் சம்மதித்தது.

அப்புறம் வதந்தி வந்தது. அணியை மாகாணத் தலைநகருக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். ரசிகர்கள் ஜத்மிக்கோவின் வீட்டைச் சூழ்ந்தார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டின் இருந்தது. அப்போதுதான் ஜத்மிக்கோ மதில்மேல் ஏறிக் கத்தினான்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் பள்ளிவாசல் முத்தத்துல கஃபன் போத்திக்கிட்டுப் படுக்கறேன்டா! படுத்துச் சத்தியம் பண்றேன்! நான் பொய் சொன்னா அதே துணியில என்னைத் தூக்கிட்டுப் போங்க!"

டின் கீழே இறங்கியது. போலீசுக்கு அடங்காதவனும் எங்கள் பக்கத்தில் இதற்கு அடங்குவான். பிணத்துக்குச் சுற்றும் துணியை உயிரோடு சுற்றிக்கொண்டு பொய் சொன்னவன் அடுத்த நோன்புப் பெருநாளைப் பார்க்க மாட்டான் என்பது நம்பிக்கை. நம்பாதவர்கள் உண்டு. அவர்களும் அந்தத் துணிக்குள் படுத்துப் பார்க்கத் துணிந்ததில்லை.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

*

காலையிலேயே பலுப்பி சந்தைத் துணிக்கடையில் இருந்தாள். வாங்க வேண்டியது இரண்டு விதம்.

ஒன்று, மகள் கினந்திக்கு. கினந்தி அப்பாவின் தொலைக்காட்சியில் நேரலைப் பிரிவின் தலைவி. ஏழாம் மாதம். அடுத்த வாரம் சடங்கு. மெழுகுச் சாயம் போட்ட ஏழு பத்திக் துணிகளை ஒவ்வொன்றாக வயிற்றின்மேல் சுற்றி, "பொருந்துதா?" என்று கேட்பார்கள். சுற்றி நிற்கும் பெண்கள் ஆறு துணிக்கும் "பொருந்தலை, பொருந்தலை" என்று கேலியாகக் கூவுவார்கள். ஏழாவது, சாதாரணக் கோடு போட்ட துணி. அதற்குத்தான் "பொருந்துது!" என்று கை தட்டுவார்கள்.

ஏழும் எடுத்தாயிற்று. கடைக்கார அம்மாள் சிரித்த முகமாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"பேத்தியா, பேரனா? வயிறு கூரா இருக்கா, உருண்டையா இருக்கா?"

"எதுவானாலும் நல்லபடியா வரட்டும். அம்மா, அப்புறம்... கொஞ்சம் வெள்ளைத் துணி வேணும்."

"தலைக்குட்டைக்கா?"

பலுப்பி பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கடைக்கார அம்மாள் பல வருஷமாக அறிவாள். சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளை."

"உயரம்?"

பலுப்பி தன் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினாள்.

"எப்ப மௌத்து?"

"இன்னும் ஆகல."

அம்மாளின் கை துணிச்சுருளின்மேல் நின்றது. "ஓ, பாக் ஜத்மிக்கோவுக்கா? டிவியில போட்டுக்கிட்டே இருக்காங்களே, காப்பித்தூள் விளம்பரத்துக்கு நடுவுல. தாய் இல்லாத பிள்ளைக்கு அக்காதான் வாங்கணும். சரிதான்."

கஃபனுக்குக் கத்தரிக்கோல் வைக்க மாட்டார்கள். ஓரத்தை அம்மாள் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் இழுத்துக் கிழித்தாள். பர்ரென்ற சத்தத்துக்குப் பக்கத்துக் கடைப் பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். பலுப்பி விலை கேட்கவில்லை. இந்தத் துணிக்குப் பேரம் கிடையாது.

சுருளில் இன்னொரு ஆள் அளவுக்கு மிச்சம் இருந்தது. அதையும் அம்மாள் மடித்து மேலே வைத்தாள்.

"இது எனக்கு எதுக்கு?"

"கஃபனுக்குக் கிழிச்ச சுருள்ல மிச்சத்தைக் கடையில வெச்சுக்க மாட்டேன். மிச்சம் ஆள் தேடும்பாங்க. பள்ளிவாசல்ல குடுத்துடுங்க, யாராவது ஏழைக்கு ஆகும்."

வேலைக்காரப் பெண் எல்லாத் துணியையும் ஒரே பையில் திணித்தாள். அம்மாள் அவள் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"அறிவு இருக்கா உனக்கு? வர்ற உசுரோட துணியும் போற உசுரோட துணியும் ஒரே பையிலயா?"

பிரித்து இரண்டு பையாகக் கொடுத்தாள். ஆனாலும் ஒரு தடவை ஒன்றாகப் படுத்த துணிகள்தானே அவை. காரில் ஏறும்போது பலுப்பி வண்ணப் பையை மடியிலும் வெள்ளைப் பையைக் காலடியிலும் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், காலடியில் வைப்பதா என்று மனம் கேட்கவில்லை. எடுத்து அதையும் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

*

கடற்கரை நெடுஞ்சாலையில் வழக்கம்போல லாரிகள் வரிசையாக நின்றன. கார் நின்ற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. லாரிகளின் முதுகில் புலியும் நடிகையும் "அம்மா, உன் துவா" என்ற எழுத்தும் வரைகிற ஓவியர்களின் கொட்டகை. உள்ளே ஒரு பேருந்து நின்றது. பலுப்பி சும்மாதான் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியை இறக்கினாள். அப்புறம் கதவைத் திறந்து இறங்கியே விட்டாள்.

பாதிப் பேருந்து பச்சை. பாதி செம்மஞ்சள். அது சஸ்மித்தோவின் கட்சி நிறம்.

ஏணியில் ஒருவன் பனியனோடு உட்கார்ந்து உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இது கொக்குப் படை பஸ்தானே?"

"நேத்து வரைக்கும், அம்மா. இனிமே கழுகு."

"கழுகா?"

"தலைநகர்க் கழுகுகள். நல்ல பேருதான். எழுத்துக்கு நூல் புடிச்சு வெச்சிருக்கேன், பாருங்க."

செம்மஞ்சள்மேல் பென்சில் கோட்டில் தலைநகரின் பெயர் நீளமாகக் கிடந்தது.

"யாரு சொன்னா?"

"டிவி ஐயாவோட ஆளுங்க. கதவை மூடிக்கிட்டு வேலை செய்யச் சொன்னாங்க. தகரக் கொட்டகை, அம்மா. மூடினா உள்ள வேகுது. சாயமும் காய மாட்டேங்குது. அதான் திறந்து வெச்சேன்." அவன் நெற்றியைத் துடைத்தான். "இந்தக் கொக்கு நானே வரைஞ்சது. உடம்பைத் தேய்ச்சுட்டேன், கழுத்தைத் தேய்ச்சுட்டேன். காலைத் தேய்க்கக் கை வரல. கொக்குன்னா காலுதானே, என்ன சொல்றீங்க?"

பச்சையில் ஒற்றைக் கால் மட்டும் நின்றது. மேலே ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் பலுப்பி என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். அவள் செய்தது இதுதான்.

"கதவை மூடு தம்பி," என்றாள். "ரோட்டுல போறவங்க எல்லாரும் பாக்கறாங்க."

காரில் ஏறிய பிறகுதான் தான் யார் பக்கம் பேசினோம் என்று அவளுக்கே உறைத்தது.

*

பள்ளிவாசல் முற்றம் பச்சை வெள்ளமாக இருந்தது. சின்னப் பையன்கள் நாட்டு வாதுமை மரத்தின் கிளைகளில் தொங்கினார்கள். தெம்பே என்கிற சோயாப் பலகாரம் பொரிப்பவள் சட்டியோடு வந்து கடை போட்டுவிட்டாள். மதிலோரமாக நேரலை வண்டி, கூரையில் வட்டத் தட்டு. அதற்குள் கினந்தி காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, எதிரே அடுக்கி வைத்த திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியின் நிழலில் சஸ்மித்தோ நின்றார். வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி. சட்டைக் கழுத்தில் பொத்தான் அளவு ஒலிவாங்கி.

இவருடைய ஆரம்பம் உங்களுக்கு நினைவிருக்கும். இதே ஊரில், பெட்டிக்கடை மேல்மாடியில் ஓர் அறை, ஒரு வானொலி. காலையில் மௌத்துச் செய்தி வாசிப்பார். யார் போனார்கள், எப்போது அடக்கம், யார் யாரை விட்டுப் போனார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஊர் கைகால் கழுவிக்கொண்டு இழவு வீட்டுக்குக் கிளம்பும். அந்தக் குரலில்தான் பலுப்பியும் விழுந்தாள். ஆனால் ஊரின் மரணத்தையெல்லாம் வாசித்த மனிதருக்கு மரணத்தைக் கண்ணால் பார்க்க ஆகாது. சொந்தத் தகப்பனைக் கஃபனில் சுற்றும்போதுகூட வாசலில்தான் நின்றார். வெள்ளைத் துணி என்றால் கண்ணைத் திருப்பிக்கொள்வார்.

இப்போதும் பலுப்பியின் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டார்.

"வாங்கியாச்சா? ஜத்மிக்கோகிட்ட குடுத்துடு."

"கினந்தியப்பா, நான் பஸ்ஸைப் பாத்தேன்."

எந்தப் பஸ் என்று அவர் கேட்கவில்லை.

"கதவை மூடச் சொல்லியிருந்தேனே," என்றார்.

"அப்போ நெசந்தானா?"

"கட்சித் தலைவி நேத்து ஃபோன்ல ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. 'பாக் சஸ்மித்தோ, ஓட்டு எங்க இருக்கோ அங்க பந்து இருக்கணும்.' முவாரசாரியில எத்தனை ஓட்டு? தலைநகர்ல எத்தனை? நான் என்ன பண்ணட்டும்?"

"என் தம்பி இப்ப அங்க போய்ப் படுக்கப்போறான். நிறுத்துங்க."

"எதுக்கு?" அவர் குரல் உயரவே இல்லை. "ஜத்மிக்கோ தெரிஞ்சு பொய் சொல்றானா? அவனுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதவன் நாக்குல பாவம் ஏறாது. அதுக்குத்தானே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வெச்சிருக்கேன். உன் தம்பியை நான் காப்பாத்தி வெச்சிருக்கேன், பலுப்பி."

"காப்பாத்தி!"

"இப்ப நீ போய் அவன் காதுல சொல்லு. சொன்னா ரெண்டுதான். தெரிஞ்சே படுத்துப் பொய் சொல்வான். இல்ல, எந்திரிச்சு ஓடுவான். ஓடினா..." அவர் முற்றத்தைக் கண்ணால் காட்டினார். "எதுல தள்ளப்போற? நீயே சொல்லு."

பலுப்பி முற்றத்தைப் பார்த்தாள். பூட்டிவிட்டுச் சாவியைத் தன் கையிலேயே கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"பின்னாடி பொய்யின்னு தெரியும்போது ஊரு யாரைத் தேடி வரும்? உங்க பங்களாவுக்கா வரும்?"

"அதுக்குள்ள நான் ஆளுநர். அவனுக்கு வேற ஊருல நல்ல வீடு, நல்ல உத்தியோகம். எல்லாம் யோசிச்சாச்சு." அப்புறம் அவர் கழுத்துப் பொத்தானை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "கேட்டுச்சா கினந்தி? இப்பப் பேசினதை அழிச்சுடும்மா. விளம்பரம் முடிய எவ்வளவு நேரம்?"

வண்டிக்குள் கினந்தியின் கை பொத்தான் பலகைமேல் அப்படியே நின்றிருந்தது. எல்லாம் கேட்டாயிற்று. எல்லாம் பதிவாகியும் ஆயிற்று. சிவப்புப் புள்ளி மினுமினுத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம்தான், அப்பா," என்றாள் ஒலிவாங்கியில்.

அழிக்கிறேன் என்று சொல்லவில்லை. அழிக்கவும் இல்லை.

*

ஜத்மிக்கோ குளித்து, அத்தர் பூசி, மாப்பிள்ளை மாதிரி வந்தான்.

"என்னக்கா, நல்ல துணியாப் பாத்து வாங்கினியா? சொரசொரன்னு இருந்தா சத்தியத்துக்கு நடுவுல சொறிஞ்சுப்பேன். டிவியில ஊரே பாக்கும்."

பலுப்பி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது செய்வாள். "பயமா இல்லையாடா?"

"எதுக்கு பயம்? நெசத்தைத்தானே சொல்லப்போறேன். அத்தான் என்கிட்ட கை மேல கை வெச்சுச் சொல்லியிருக்காரு."

அவள் கை காலரிலேயே தங்கிவிட்டது. அவன்தான் மெல்ல எடுத்துவிட்டு, பையிலிருந்து தன் துணியை வாங்கிக்கொண்டான்.

மரத்தடியில் பாய் விரித்திருந்தது. கியாய் வந்து நின்றார். பள்ளிவாசலில் தொழ வைப்பவர், மெலிந்த மனிதர். ஆனால் அவர் தொண்டையைச் செருமினால் முற்றம் அடங்கும்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இது மார்க்கத்துல சொன்ன முறை இல்ல, ஊர் வழக்கம். இத்தனை நாளா நான் வேணாம்னுதான் சொன்னேன். மண்ணெண்ணெய் டின்னைவிட இது மேலுன்னு ஒத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

தொலைக்காட்சிப் பையன் ஒருவன் பலகையோடு ஓடிவந்தான். "கியாய், ஒருதடவை ஒத்திகை பாத்துடலாமா? பாக் ஜத் படுத்தா முகத்துல மர நிழல் விழுது."

"சத்தியத்துக்கு ஒத்திகையா?" கியாய் அவனை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல உன் மௌத்துக்கு ஒத்திகை பாத்துட்டு வா, தம்பி. நிழல் எங்க விழுதுன்னு அப்பச் சொல்லு."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். கிம்பல். ரசிகர் தலைவன். சடை விழுந்த முடி, மெக்கானிக் கடை மசி படிந்த கை. மண்ணெண்ணெய் டின் வைத்திருந்தவனும் இவன்தான்.

"கியாய், ஒரு கேள்வி. பாக் ஜத் நல்லவரு. அவரு வாயில பொய் வராது, நாங்களும் நம்பறோம். ஆனா அணி அவரோடதா? ஆடு ஒருத்தரோடது. அறுக்கறதும் விடறதும் அவர் கையில. நடுவுல கயித்தைப் புடிச்சு நிக்கறவனை எதுக்கு படுக்க வெச்சுச் சத்தியம் வாங்கறோம்?"

முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கடல் உள்வாங்குகிறபோது கூழாங்கல் உருளும் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? அந்த மாதிரி.

சஸ்மித்தோ நிதானமாக முன்னால் வந்தார். மூன்று கேமராவும் அவர் பக்கம் திரும்பின.

"ஜத்மிக்கோ வார்த்தை என் வார்த்தை, தம்பி. வேற என்ன வேணும்?"

"அப்போ உங்க வாயாலயே வரட்டுமே, பாக் சஸ்மித்தோ. நீங்க படுங்க."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் சஸ்மித்தோ சிரித்தார். கையை விரித்தார்.

"படுக்கலாம். ஆனா துணி ஒண்ணுதானே இருக்கு? ஜத்மிக்கோ காலையிலேர்ந்து அத்தர் எல்லாம் பூசிக்கிட்டு வந்திருக்கான். அவன் பங்கை நான் எப்படிப் புடுங்கறது?"

கூட்டமும் சிரித்துவிட்டது. தப்பித்துவிட்டார். பலுப்பிக்குத் தெரியும், சிரிக்க வைத்து எதிலிருந்தும் வெளியே வந்துவிடுவார். அடுத்து ஜத்மிக்கோ படுப்பான்.

அவள் கையில் பை கனத்தது.

ஒரே ஒரு கணக்குத்தான் போட்டாள். தகப்பனின் கஃபனையே பார்க்காத மனிதர், தனக்கென்று ஒரு கஃபனை விரித்தால் என்ன செய்வார்? படுக்க மாட்டார். தலைவலி என்பார், தலைவி ஃபோன் என்பார், இன்னொரு நாள் என்பார். அவர் படுக்காவிட்டால் தம்பியும் படுக்க வேண்டாம். இன்றைக்குத் தப்பினால் போதும். நாளையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள் பலுப்பி.

எல்லாத் தலையும் பெண்கள் பக்கம் திரும்பின. அவள் நடந்து வந்து, பையிலிருந்து மிச்சத் துணியை எடுத்து, பாயின்மேல் விரித்தாள். சுருக்கத்தைக் கையால் நீவிக்கூட விட்டாள். அப்புறம் நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் ரத்தம் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள், கண்ணுகளே. ஒரு மூச்சு நேரம் நினைத்தாள்.

அவர் கேமராவைப் பார்த்தார். கிம்பலைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். அப்புறம் கைக்கடிகாரத்தைக் கழற்றி, அவளிடமே நீட்டினார்.

"வெச்சுக்க," என்றார். பலகைப் பையனிடம் திரும்பினார். "நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு சொன்ன?"

படுத்துவிட்டார்.

கியாய்க்கே கை தயங்கியது. துணியை இழுத்து நெஞ்சுவரை போர்த்தி, தலைக்கு மேல் வேதத்தைப் பிடிக்கச் சொன்னார்.

"அணி யார் பேருல இருக்கு?"

"என் பேருலயும் என் மக பேருலயும்."

"அப்போ தனியா உங்க மேல மட்டும் சொன்னாப் பத்தாது. உங்க ரத்தத்து மேலயும் சேத்துத்தான் சொல்லணும். சம்மதமா?"

பலுப்பி ஓரடி முன்னால் வந்தாள். வேண்டாம் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்கு நேரே ஜத்மிக்கோ நின்றான். கிம்பலின் ஆட்கள் நான்கு பக்கமும் அவன் தோளில் கை போட்டிருந்தார்கள். அவன் அக்காவைப் பார்த்துக் கண் சிமிட்டினான். இப்போது உண்மையைச் சொன்னால், அந்தக் கைகளெல்லாம் தோளிலிருந்து கழுத்துக்கு எவ்வளவு தூரம்?

வாயை மூடிக்கொண்டாள்.

வண்டிக்குள் கினந்தியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கத் திரையில் துணிக்குள் அப்பா. வலப்பக்கத் திரையில் கூட்டத்துக்கு நடுவில் மாமா. விரல் ஒரு பொத்தானின்மேல் இருந்தது. அழுத்தினால் நிழலில் பேசிய பேச்சு நாடு முழுக்கக் கேட்கும். முதலில் இந்த முற்றத்தில் கேட்கும். அவள் மாமாவின் திரையைப் பார்த்தாள். விரலை எடுத்தாள். எடுத்த கை தானாக வயிற்றுக்குப் போனது.

"சம்மதம்," என்றார் சஸ்மித்தோ.

கியாய் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். எந்த இடத்திலும் தடுமாறவில்லை. அதே பழைய குரல். யார் போனார்கள், எப்போது அடக்கம் என்று காலையில் வாசிக்கிற குரல்.

"கொக்குப் படை முவாரசாரியை விட்டுப் போகாது. போக நான் நினைக்கவும் இல்ல. நான் சொல்றது பொய்யானா, ஆண்டவனோட சாபம் என் மேலயும் என் ரத்தத்து மேலயும் இறங்கட்டும்."

முற்றத்தில் வயதான பெண்கள் சிலர் தலைக்குட்டை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குரல் பழகிய குரல். இன்றைக்கு யார் பேரைச் சொல்லப்போகிறது என்றுதான் காது காத்திருந்தது.

இடி விழவில்லை. எங்கள் பக்கத்து இடி அவ்வளவு அவசரப்படாது.

ஒரு கணம் கழித்து முற்றம் வெடித்தது. துணியோடு சேர்த்து அவரைத் தோளில் தூக்கினார்கள். "ஆளுநர்! ஆளுநர்!" என்று மரத்திலிருந்த பையன்கள்கூடக் கத்தினார்கள். வெள்ளைத் துணி தோளிலிருந்து வழிந்து காற்றில் ஆடியது.

"பாத்தியாடி," என்றாள் தெம்பே பொரிப்பவள், பக்கத்தில் இருந்தவளிடம். "துணி அவருக்கு எடுத்து வெச்ச மாதிரிப் பொருந்திடுச்சு."

பலுப்பி திரும்பிப் பார்த்தாள். வண்ணப் பை காரில் இருந்தது. நல்லவேளை, என்று நினைத்தாள். அதில் என்ன நல்லது என்று அவளுக்கே தெரியவில்லை.

*

"உரிமையாளரே சொல்லியாச்சு. நீ வேணாம்," என்று கியாய் ஜத்மிக்கோவிடம் சொல்லிவிட்டார். அவன் தன் துணியை மடித்து அக்காவிடம் கொண்டுவந்தான்.

"தப்பிச்சேன் போ. இதை வெச்சுக்க, எனக்கு வயசானப்புறம் ஆகும்." முகமெல்லாம் பல். "அத்தான் சிங்கம்! நான்கூட சந்தேகப்பட்டேன்னு இன்னைக்குச் சொல்லலாம். ஆமா அக்கா, நம்ம பஸ் காலையிலேர்ந்து காணோமே. ஊர்வலத்துக்கு வேணும்னு பசங்க கேக்கறாங்க. வர்ற வழியில எங்கயாவது பாத்தியா?"

மடித்த கஃபன் அவள் இரண்டு கையிலும் இருந்தது.

"இல்ல," என்றாள் பலுப்பி.

"சரி, பைக் போதும்." அவன் திரும்பி ஓடினான்.

நேரலை வண்டியின் கதவு திறந்தது. கினந்தி படியில் ஒரு கையை ஊன்றி இறங்கினாள். மற்றொரு கை மூடியிருந்தது. அம்மாவின் பக்கத்தில் வந்து விரலைப் பிரித்துக் காட்டினாள். நகக்கண் அளவு பதிவு அட்டை.

"அழிக்கல," என்றாள். "அம்மா, என்கிட்ட ஒண்ணும் கேக்காதே. மாமாவை முதல்ல இந்த ஊரை விட்டு அனுப்பு. இப்பவே."

பலுப்பி தலையை ஆட்டினாள். அதே சமயம் நூறு பைக்குகள் ஒன்றாக உறுமின. கொக்குக் கொடிகள் விரிந்தன. முன்னால் நின்ற வண்டியில் கிம்பல். அவனுக்குப் பின்னால், பெரிய கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜத்மிக்கோ.

"ஜத்மிக்கோ! இறங்குடா! எந்தப் பக்கம் போறீங்க?"

இரைச்சலில் அவன் காதைக் குவித்துக் கேட்டான். அப்புறம் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டினான்.

"கடற்கரை ரோடு, அக்கா! வேற எந்தப் பக்கம்?"

வண்டிகள் வாசலைத் தாண்டின. பலுப்பி கஃபனைக் கீழே போடவும் தோன்றாமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரை நோக்கி ஓடினாள். ஓவியனிடம் கதவை மூடச் சொல்லியிருந்தாள். மூடியிருப்பான். அவள் கண்ணெதிரேதான் தலையாட்டினான்.

ஆனால் வெயில் இன்னும் இறங்கவில்லை. தகரக் கொட்டகை. மூடினால் உள்ளே வேகும்.